ரோமில் சாப்பிட எந்தப் பேட்டை: டிராஸ்தேவெரேயா, தெஸ்தாச்சோவா?

ரோமில் நல்ல சாப்பாட்டுக்கு உணவகங்களைப் பட்டியல் போட்டுக்கொண்டு போவதைவிட, எந்தப் பேட்டையில் சாப்பிடுவது என்பதை முதலில் முடிவு செய்வது மேல் என்பது என் கட்சி. நாள் முழுக்க நடந்து கால் கடுத்துப்போன நேரத்தில் பட்டியலில் இருக்கிற கடை ஊரின் அந்தக் கோடியில் இருக்கும், பசியோ இந்தக் கோடியில் இருக்கும். பேட்டைகள் பல இருந்தாலும் கடைசியில் பேச்சு வந்து நிற்பது பெரும்பாலும் இரண்டில்: தைபர் நதிக்கு மேற்கே டிராஸ்தேவெரே, கிழக்கே தெஸ்தாச்சோ. நாங்கள் அறை பிடித்தது தெஸ்தாச்சோவில், அதுவும் சாப்பாட்டை மனதில் வைத்தே. அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று ஒளிக்க ஒன்றுமில்லை.

தெரிந்த விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். படம் போட்ட மெனு, வாசலில் நின்று கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடும் ஆள், மாலை 5 மணிக்கே இரவுச் சாப்பாடு, முட்டையும் சீஸும் சேரும் கார்பொனாரா பாஸ்தாவில் கிரீம், இதில் எதைக் கண்டாலும் நடையைக் கட்டுங்கள். உள்ளூர்க்காரர்கள் போகும் கடைகளில் இரவு அடுப்பு மூட்டவே ஏழரை ஆகும். ரொட்டிக்கு ஆளுக்கு ஒன்றிரண்டு யூரோ பில்லில் ஏறும், அது ஏமாற்று வேலை இல்லை, வேண்டாமென்றால் ஆரம்பத்திலேயே சொல்லிவிடலாம்.

அழகு என்று பார்த்தால் டிராஸ்தேவெரேதான், அதில் போட்டியே கிடையாது. கொடி படர்ந்த காவிச் சுவர்கள், கல் பாவிய சந்துகள், சாந்தா மரியா தேவாலயத்தின் முகப்பில் விளக்கு பட்டு மின்னும் பழைய மொசைக். வெனிஸ் சதுக்கத்திலிருந்து 8ஆம் எண் டிராமில் ஏறினால் நேராகக் கொண்டுபோய் விட்டுவிடும். நல்ல கடைகளும் இல்லாமல் இல்லை. டா என்ஸோ போன்ற சின்னக் கடைகளின் வாசலில் வரிசை நிற்பதற்குக் காரணம் இருக்கிறது, பிஸ்கோத்திஃபீசியோ இன்னொசெந்தி என்ற பழைய பிஸ்கட் கடைக்காகவே நான் இன்னொரு முறை ஆற்றைத் தாண்டுவேன். ஆனால் அந்தத் தேவாலயச் சதுக்கத்தை ஒட்டி நாங்கள் உட்கார்ந்த ஒரு கடையில், ஆர்டர் கொடுத்துத் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் பாஸ்தா வந்துவிட்டது. அவ்வளவு சீக்கிரம் வந்தால் அது எப்போதோ வெந்த பாஸ்தா. பில்லில் சேவைக் கட்டணம் என்று தனியாக ஒரு வரி வேறு.

சமையல்காரருக்குக் கைப்பக்குவம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கடைக்காரருக்கு நம்மை மறுபடி பார்க்க வேண்டிய அவசியம் இல்லை, விஷயம் அவ்வளவுதான். இன்று உட்கார்ந்தவர் நாளை ஃபிளாரன்ஸுக்கு ரயில் ஏறிவிடுவார், அந்த நாற்காலிக்கு வேறொருவர் வருவார். சாப்பாடு சுமாராக இருந்தாலும் கடை நிரம்பும். என்னைக் கேட்டால் இரண்டு பேட்டைகளுக்கும் நடுவே முடிவைத் தீர்மானிப்பது இந்த ஒன்றுதான். விலை, தூரம், இணையத்தில் விழும் நட்சத்திரங்கள் எல்லாம் இதற்குப் பிறகு.

தெஸ்தாச்சோவில் வாடிக்கையாளர் அடுத்த வாரமும் வருவார், ஏனென்றால் அவர் வீடு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. அவர் முகம் கோணினால் கடைக்காரருக்கு அது தெரியும். ரோமில் பழைய கடைகளுக்கு ஒரு கிழமைக் கணக்கு உண்டு: வியாழன் நொக்கி என்ற மாவு உருண்டை, வெள்ளி மீன், சனி குடல். வெள்ளிக்கிழமை இறைச்சி கூடாது என்பது தேவாலய வழக்கம், அதனால் முந்தின நாளே உருளைக்கிழங்கு நொக்கியால் வயிற்றை நிரப்பிக்கொள்வார்கள். ஞாயிறு விருந்துக்கு வெட்டிய மாட்டில் மிஞ்சும் குடல் சனிக்கிழமை சட்டியில் ஏறும். இப்படி ஒரு முறையை வைத்திருக்க, அதே ஆட்கள் வாராவாரம் வந்து உட்கார வேண்டும். ஒரே ஒரு நாள் வந்துபோகிறவனுக்கு என்ன வியாழன், என்ன சனி? வரும் வெளிநாட்டுக்காரர் எல்லாரும் கேட்கிறார்கள் என்று வாரம் ஏழு நாளும் அதே நாலு பாஸ்தாவைப் போடும் கடைக்கும், சனிக்கிழமை குடல் தீர்ந்துவிட்டது என்று கையை விரிக்கும் கடைக்கும் உள்ள வித்தியாசம் தட்டிலேயே தெரியும்.

இந்தக் குடல் சமாச்சாரம் இந்தப் பேட்டையில் வேர் பிடித்ததற்குக் காரணம் இங்கிருந்த ஆட்டுமாட்டுத் தொட்டி. 1891 முதல் 1975 வரை ரோமின் இறைச்சிக்கூடம் இங்கேதான் இயங்கியது. தொழிலாளிகளுக்குக் கூலியில் ஒரு பங்கு வால், குடல், நாக்கு என்று போய்ச் சேரும், அதை வைத்துச் சமைத்ததுதான் இன்று மெனுவில் க்வின்டோ க்வார்டோ (ஐந்தாவது கால்பங்கு) என்ற தலைப்பில் நிற்கிறது. மாட்டு வாலைத் தக்காளியும் செலரியும் போட்டுச் சில மணி நேரம் வேக விடுகிறார்கள், சில கடைகளில் கடைசியில் கொஞ்சம் கொக்கோகூடச் சேர்ப்பார்கள். எலும்பிலிருந்து கறி கரண்டி பட்டாலே கழன்று வரும். பால்குடிக் கன்றின் குடலைப் போட்ட பயாதா, ‘மேட் கவ்’ என்ற மாட்டு மூளை நோய் பயத்தில் 2001இல் தடைசெய்யப்பட்டு 2015இல்தான் திரும்ப வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஆட்டுக்குட்டிக் குடலை வைத்துச் சமாளித்திருக்கிறார்கள். நம் ஊரில் போட்டி வறுவலை ரசித்துச் சாப்பிடுகிறவருக்கு இதில் முகம் சுளிக்க ஒன்றும் இல்லை.

மதியத்துக்குத் தெஸ்தாச்சோ சந்தை. 2012இல் பழைய இடத்திலிருந்து இறைச்சிக்கூடத்துக்கு எதிரே மாறி வந்த புதுக் கட்டடம், வெள்ளை வெளேரென்று இருக்கும், பார்க்க அவ்வளவு லட்சணம் இல்லை. உள்ளே மொர்தி எ வாய் என்ற சின்னக் கடையில், வேகவைத்த மாட்டுக்கறியை ரொட்டிக்குள் வைத்துத் தருகிறார்கள். ரொட்டியைப் பிளந்து, அதன் உள்பக்கத்தைக் கறி வெந்த சாற்றில் ஒரு முக்கு முக்கி எடுத்து, கறியை அள்ளி வைத்து, மேலே வதக்கிய சிக்கோரிக் கீரை. காகிதத்தில் சுற்றிக் கையில் தரும்போதே சாறு ஊறி அடிப்பக்கம் நனைந்திருக்கும், நின்றுகொண்டே முழங்கையில் சாறு வழியாமல் சாப்பிடுவது ஒரு வித்தை. மாடு வேண்டாதவர்கள் பக்கத்துத் தெருக்களில் த்ராபிட்சினோவைத் தேடலாம். பீட்சா மாவில் சுட்ட முக்கோணப் பைக்குள் கோழிக் குழம்போ கத்தரிக்காயோ நிரப்பித் தருவது, 2008இல் இந்தப் பேட்டையில் பிறந்த பண்டம்.

சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை, எங்கள் கூட்டத்திலும் ஒருவர் உண்டு. இரண்டு பேட்டையும் இதில் சமம், அதாவது இரண்டிலும் கொஞ்சம் கஷ்டம். காச்சோ எ பெப்பே பாஸ்தாவில் வெறும் சீஸும் மிளகும்தான் என்று நிம்மதியாக ஆர்டர் செய்வோம், ஆனால் அதில் போடும் பெக்கொரீனோ ரொமானோ சீஸுக்குப் பாலைத் திரிய வைக்க ஆட்டுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் பொருளைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதைப் பெரிதுபடுத்தாதவருக்குப் பிரச்சினை இல்லை. பொரித்த சோற்று உருண்டையான சுப்ளியில் கறி இருக்கும், புந்தரெல்லே என்ற கீரைத்தண்டு சாலட்டில் நெத்திலி. பூண்டும் மிளகாயும் போட்டு வதக்கிய சிக்கோரிக் கீரை, குளிர்காலக் கடைசியில் கிடைக்கும் ஆர்ட்டிசோக் என்ற பூமொட்டுக் காய், இவை கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

தெஸ்தாச்சோவின் குறைகளையும் சொல்ல வேண்டும். நேர்கோட்டுத் தெருக்கள், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொழிலாளிகளுக்காக எழும்பிய அடுக்குக் குடியிருப்புகள், போட்டோ எடுக்கத் தோன்றாது. பண்டைய ரோமர்களின் உடைந்த எண்ணெய்ச் சாடிகள் குவிந்தே உண்டான 35 மீட்டர் உயரக் குன்று ஒன்று இருக்கிறது, அதைக் குடைந்து கட்டிய உணவகங்களில் கண்ணாடிக்குப் பின்னால் அந்தச் சாடித் துண்டுகள் அடுக்கடுக்காகத் தெரியும். வேடிக்கை என்றால் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை சந்தை மூடியிருக்கும். ஆகஸ்டில் கடைக்காரர்கள் பாதிப்பேர் விடுமுறைக்குக் கிளம்பிவிடுவார்கள் என்கிறார்கள். நாங்கள் போனது குளிர்காலத்தில், அதனால் கோடையில் என் கணக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். கெக்கினோ போன்ற பழம்பெரும் கடைகளில் நான் உட்காரவில்லை, பர்ஸ் ஒத்துவரவில்லை.

குழந்தைகளோடு முதல்முறை ரோம் போகிறவர், இருப்பதே ஒரு மாலை என்றால், டிராஸ்தேவெரேக்கே போங்கள், சதுக்கத்திலிருந்து நாலு சந்து உள்ளே தள்ளி உட்காருங்கள். இரண்டு மூன்று நாள் கையில் இருந்தால் தெஸ்தாச்சோவில் சாப்பிட்டுவிட்டு, சுப்ளீச்சோ பாலம் தாண்டி டிராஸ்தேவெரேக்கு நடந்துவிடலாம். கால் மணி நேரம்கூட ஆகாது, ஐஸ்கிரீம் அங்கே. இரவுக்கு மட்டும் முன்கூட்டியே போன் செய்து மேசை சொல்லி வையுங்கள், முக்கியமாகச் சனிக்கிழமை.