தோள் இறுகின ஆளுக்குப் பாரம் குறைஞ்ச எலக்ட்ரிக் கிற்றார், கனகாலம் பாவிச்சுப் பார்த்ததில தெரிஞ்சது

பாரம் குறைஞ்ச கிற்றார் தேடுற ஆக்கள் எல்லாரும் முதல்ல கேக்கிறது எத்தின கிலோ எண்டுதான், கேக்கத்தான் வேணும், ஆனா என்னைக் கேட்டா கிலோ ரெண்டாவது, முதல்ல பார்க்க வேண்டியது உங்களுக்கு எங்க நோகுது, அந்தப் பாரம் எந்த இடத்தில தொங்குது எண்ட ரெண்டும்தான். மூணு கிலோக் கிற்றார் ஒண்டு நாலு கிலோவை விடக் கூடத் தோளைக் கொல்லும், அது எப்புடி எண்டு கீழ சொல்லுறன்.

எனக்கு சீனி வருத்தம், அதோட சேர்ந்து இடது தோள் இறுகிப் போச்சு, ஃப்ரோசன் ஷோல்டர் எண்டு சொல்லுற அதுதான். சீனி இரிக்கிற ஆக்களுக்கு இது கூட வரும், தானாச் சரியாகும் எண்டுவாங்க ஆனா ஒண்டு ரெண்டு வருசத்துக்கு மேலயும் இழுக்கும். இதில முதல்ல போறது கையை வெளிப்பக்கமாத் திருப்பி நீட்டுற அசைவு, கிற்றார்ல முதலாவது பிரெட்டுக்கு (நெக் எண்ட நீளமான கழுத்துப் பகுதியில குறுக்கால இரிக்கிற உலோகக் கோடுகள்தான் பிரெட், முதலாவது தூர நுனியில) கையைக் கொண்டு போகக்குள்ள வாற அசைவும் அதேதான். மறுகா பெருவிரல் அடிமூட்டிலயும் தேய்மானம், பார் கோர்ட் (ஒரு விரலை நீட்டி எல்லாக் கம்பியையும் அமத்துறது) பிடிச்சா உயிர் போகும். மட்டக்களப்பில ஞாயிறு பூசைக்குக் கொயர்ல வாசிக்கிறன், இடைக்கிடை டச்பார் பக்கம் பறங்கிக் குடும்பங்கள்ட கலியாண வீட்டில பைலா ஆட்டப் பாட்டுக்கும் கூப்பிடுவாங்க, அப்ப ரெண்டு மணித்தியாலம் நிண்டுதான் வாசிக்கோணும்.

முந்தி என்னட்ட இருந்தது லெஸ் போல் வடிவத்தில ஒரு கிற்றார், நிறுத்துப் பார்த்தா 4.3 கிலோ. அந்த வடிவம் பொதுவா நாலு, நாலரை கிலோ வரும், ஸ்ட்ரற்றோகாஸ்டர் வடிவம் மூண்டரைக்குக் கிட்ட, எஸ்ஜி மூண்டுக்குக் கிட்ட, நெக் நுனியில தலை இல்லாத ஹெட்லஸ் கிற்றார் ரெண்டுக்கும் ரெண்டரைக்கும் இடையில. இதில ஒரு பகிடி என்னெண்டா லெஸ் போல் எண்ட மனுசனே 1948ல கார் விபத்தில வலது முழங்கை நொறுங்கின ஆள், இனி மடக்க ஏலாது எண்ட நிலைமையில கிற்றார் வாசிக்கிற கோணத்தில கையை வைச்சுப் பொருத்தச் சொல்லித்தான் டொக்டர்மாரைக் கேட்டவராம், 1952ல அவர்ட பேர்ல கிப்சன் விட்ட கிற்றார்தான் இந்தப் பாரம்! கடைக்குப் போகக்குள்ள சின்ன டிஜிட்டல் தூக்குத் தராசு ஒண்டு கொண்டு போங்க, ஒரே மொடல்லயே மரத்தைப் பொறுத்து அரைக் கிலோ அங்கால இஞ்சால வரும், பெட்டியில போட்டிரிக்கிற கணக்கை நம்பேலா.

இப்ப பாரம் தொங்குற கதைக்கு வாறன். ஸ்ட்ராப்பில மாட்டிப்போட்டுக் கையை விடுங்க, நெக் தானாக் கீழ சாயுதா எண்டு பாருங்க. எஸ்ஜி வடிவத்தில இது சரியான பிரச்சினை, உடம்பு மெல்லிசு, மேல் ஸ்ட்ராப் பட்டன் நெக் பொருத்துற இடத்தில உள்ளுக்கு இரிக்கு, அதால நெக் கீழ விழும், விழாமல் இடது கையால தாங்கிக்கொண்டே வாசிக்கோணும். பாரம் மூண்டு கிலோதான், ஆனா தாங்குறது வருத்தக்காரத் தோள். அதோட அந்த மேல் பட்டன் உள்ளுக்குப் போகப் போக முழுக் கிற்றாரும் இடப்பக்கமாத் தள்ளி நிக்கும், முதலாவது பிரெட் இன்னும் தூரமாப் போகும். ஸ்ட்ரற் வடிவத்தில மேல் கொம்பு (உடம்பில இருந்து நெக் பக்கமா நீட்டிக்கொண்டிரிக்கிற பகுதி, மேல் பட்டன் அதன்ட நுனியில) பன்னிரண்டாவது பிரெட் வரைக்கும் நீண்டிரிக்கிறதால ரெண்டு பிரச்சினையும் குறைவு. இடது தோள் சுகமில்லாத ஆள் பார்க்க வேண்டியது இந்தக் கொம்பைத்தான், இதைக் கடைக்காரர் ஒருத்தரும் சொல்லித் தரமாட்டாங்க.

நான் கடைசியா எடுத்தது ஒரு ஹெட்லஸ், பேர் தேவையில்லை, கொழும்பில இருந்து எடுப்பிச்சது, 2.4 கிலோ, மேல் கொம்பு ஓரளவு நீளம், 25.5 அங்குல ஸ்கேல் (கம்பி அதிருற நீளம்). தலையும் அதில இரிக்கிற ஆறு ரியூனரும் (கம்பி முறுக்குற திருகு) இல்லாததால நெக் நுனியில பாரமே இல்லை, கையை விட்டா விட்ட இடத்திலயே நிக்குது. தோளுக்கு வந்த சுகம் சும்மா இல்லை, முந்தி பூசை முடிஞ்சு வந்து அண்டைக்குப் பூரா ஒத்தடம்தான், இப்ப அது இல்லை. ஸ்ட்ராப்பும் மாத்தினன், மூண்டு அங்குல அகலம், உள்பக்கம் சொரசொரப்பான தோல், வழுக்காது. பழைய கிற்றாரை விக்க மனசில்லாத ஆக்கள் முதல்ல இந்த ஸ்ட்ராப்பை மட்டும் மாத்திப் பாருங்க, கன பேருக்கு அதோடயே காரியம் முடியும்.

ஆனா ஹெட்லஸ்ல ஒருத்தரும் சொல்லாத ஒரு வில்லங்கம் இரிக்கு, ரியூனர் எல்லாம் உடம்பில கம்பி முடியிற பிரிட்ஜ் பக்கத்தில சின்னச் சின்னக் குமிழா இரிக்கும், விரல் நுனியால இறுக்கிப் பிடிச்சுத் திருகோணும், அதாவது தோளைக் காப்பாத்திப்போட்டு பாரத்தைப் பெருவிரல்ல போடுற வேலை. மூட்டு வாதம் விரல்ல இரிக்கிற ஆக்கள் கடையிலயே ஒரு கம்பியை இறக்கி ஏத்திப் பாருங்க, ஏலாட்டி விட்டுருங்க. நான் குமிழ் ஒவ்வொண்டுக்கும் ரப்பர் குழாய்த் துண்டு மாட்டியிரிக்கிறன், பிடி வருது, பார்க்க வடிவில்லை. கல்லடிக் கடல் காத்து வேற, உப்பு அந்தத் திருகுப் புரிக்குள்ள இறங்கினா குமிழ் இன்னும் இறுகும், தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி விட்டுத் துடைக்கிறன், மார்கழி மழைக் காலத்தில கட்டாயம். கம்பியும் கோட்டிங் பண்ணினது எடுத்தாத் துருப்பிடிக்கிறது பிந்தும், அடிக்கடி கம்பி மாத்துற வேலை விரலுக்குக் குறையும். பழைய ஸ்டெயின்பெர்கர் மாதிரிச் சில ஹெட்லஸ்ல ரெண்டு நுனியிலயும் குண்டு வைச்ச கம்பிதான் போடோணும், இஞ்ச அது அறுந்தா எங்க போய்த் தேடுற? சாதாரணக் கம்பியை நுனியில அலன் கீயால இறுக்கிப் பிடிக்கிற மாதிரி இரிக்கிறதை எடுங்க.

விரல் வேதனைக்குப் பாரத்தை விடக் கம்பிட இழுவைதான் பெரிய விசயம். கம்பி அதே கம்பியா இரிக்கக்குள்ள ஸ்கேல் 25.5ல இருந்து 24.75க்கு இறங்கினா இழுவை ஒரு ஆறு வீதம் குறையும், 24 அங்குலத்துக்கு இறங்கினா பதினொண்டு வீதம். கிற்றாரை மாத்தாமலே அரை ஸ்வரம் இறக்கி ரியூன் பண்ணினாலும் அதே பதினொண்டு வீதம் குறையும், காசே இல்லை. நான் செய்யிறது இன்னும் ஒரு படி கூட, முழு ஸ்வரம் இறக்கிப்போட்டு ரெண்டாவது பிரெட்டில கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அமத்துற கவ்வி) போடுறன், சுருதி பழைய சுருதியே, கொயருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, இழுவை இருவது வீதம் மட்டில இறங்குது, கை நீட்ட வேண்டிய தூரமும் ரெண்டு பிரெட் கிட்ட வந்திருது. இங்கிலாந்து ரொக் பாண்ட் பிளாக் சபத்திட கிற்றார்காரர் டோனி அயோமி 1965ல தொழிற்சாலையில ரெண்டு விரல் நுனி போன ஆள், பிளாஸ்டிக் தொப்பி செஞ்சு போட்டு, மெல்லிய கம்பி போட்டு, மறுகா ஒண்டரை ஸ்வரம் வரைக்கும் இறக்கித்தான் வாசிச்சவர், ஆகவே இறக்கி வாசிக்கிறதில வெக்கப்பட ஒண்டுமில்லை. கம்பித் தடிப்பு 9-42 (அங்குலத்தில ஆயிரத்தில ஒரு பங்குக் கணக்கு, மெல்லிய கம்பி 9, தடிச்சது 42) போதும், இறக்கி 8 போட்டா என்ட கைக்குக் கொழகொழ எண்டு வருது.

அக்கரைப்பற்றில ஒரு தம்பி, மோட்டார் சைக்கிள் விபத்தில மணிக்கட்டு உடைஞ்சு பிளேட் போட்டிரிக்கு, “அண்ணே உங்கட ஹெட்லஸ் மாதிரியே எனக்கும் எடுக்கவா?” எண்டு கேட்டவர். வேணாம் எண்டு சொன்னன். அவருக்குத் தோள் நல்லா இரிக்கு, பிரச்சினை மணிக்கட்டு மடியிறதுதான், அதுக்கு ஸ்கேல் குறைஞ்சதுதான் சரி. இபனெஸ் மைக்ரோ எண்டு 22.2 அங்குலத்தில குட்டிக் கிற்றார் வருது, சின்னப் பிள்ளைகளுக்கு எண்டு விக்கிறது, அதை எடுத்து 10 கம்பி போட்டு வாசிக்கிறார், 9 போட்டாத் தளர்ந்து பிரெட்டில அடிக்கும்.

பைலாதான் உண்மையான சோதனை. ஆறு எட்டுத் தாளத்தில வலது கை நிக்கவே நிக்காது, கிற்றார் பாரமில்லாட்டி அந்த அடியில உடம்போட சேர்ந்து ஆடும், அகலமான ஸ்ட்ராப் இல்லாமல் சரி வராது. எங்கட பேஸ் வாசிக்கிறவன் முதல் நாள் பார்த்துப்போட்டு “மச்சான், தலையை எங்க வித்த?” எண்டான், கலியாண வீடு முழுக்க அண்டைக்கு அதே கதைதான். இருந்து வாசிக்கக்குள்ள இன்னொரு கரைச்சல், உடம்பு சின்னதால தொடையில நிக்காமல் வழுக்கும், பிளாஸ்டிக் கதிரையில இருந்தாலும் நான் ஸ்ட்ராப்பைக் கழட்டுறதில்லை.

சத்தத்தைப் பத்திப் பெரிசாச் சொல்ல ஒண்டுமில்லை, அம்ப்ளிஃபயருக்குள்ளால வரக்குள்ள எங்கட ஆக்களுக்கு வித்தியாசம் தெரியேல்லை.

கடைசியா பை. கிற்றார்ல ரெண்டு கிலோக் குறைச்சுப்போட்டு அதைப் பாரமான ஹார்ட் கேஸ்ல வைச்சுத் தூக்கினா என்ன பிரயோசனம்? ரெண்டு தோள்லயும் போடுற மெத்தைப் பை எடுங்க, ஹெட்லஸ் கட்டையா இரிக்கிறதால பஸ்ஸில மடியில வைச்சும் போகலாம். அம்ப்ளிஃபயரை மட்டும் இன்னும் மருமகன்தான் தூக்குறான், கையில பிடிக்கிற அளவு சின்ன அம்ப் வீட்டில பழகக் காணும், கலியாண வீட்டு ட்ரம்ஸுக்கு முன்னால அது கேக்காது.