ஒரு மிதிக்கு 86 அங்குலம்: பாலக்கோட்டில் ஒரு பழைய ஸ்டீல் டூரிங் சைக்கிள்

மூட்டை ஏற்றி நெடுந்தூரம் போவதற்கென்றே செய்த டூரிங் சைக்கிள் இது. பெங்களூரில் இந்த வண்டியைப் பார்க்கப் போனபோது நான் கையோடு கொண்டுபோன சாமான் இரண்டுதான். ஒன்று இஞ்ச் டேப். இன்னொன்று என் தையல் கடையில் கீழே கொட்டும் குண்டூசிகளைப் பொறுக்க வைத்திருக்கும் காந்தம். விற்றவர் "முழுக்க ஸ்டீல்" என்றார். காந்தத்தை மேல் பார், கீழ் பார், முன் ஃபோர்க் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் டக்கென்று ஒட்டியது. சீட் கம்பத்தில் மட்டும் வழுக்கி விழுந்தது. அது அலுமினியம். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. அதை அப்புறம் சொல்கிறேன்.

எந்தக் கம்பெனி வண்டி என்று கேட்காதீர்கள். பழைய ஓனர் பச்சை பெயின்ட் அடித்துப் பெயரை மறைத்துவிட்டார். மிஞ்சியிருப்பது சீட்டுக்குக் கீழே கால்வாசி உரிந்த ஒரு ஸ்டிக்கர். அதில் 4130 குரோமோலி என்று எஃகு வகையின் பெயர் இருக்கிறது. 38,000 ரூபாய் கொடுத்தேன். வீட்டில் சொன்ன விலை வேறு.

மகளுக்குப் பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிளை ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்து ஓட்ட ஆரம்பித்தவள் நான். அதில் ராயக்கோட்டை வரை போய் வந்ததும் பைத்தியம் பிடித்துக்கொண்டது. பிறகு ஓசூர் சைக்கிள் நண்பர்கள் பழக்கமானார்கள். அவர்கள் பேச்சில் பாதி ஃபிரேமைப் பற்றித்தான் இருக்கும். ஸ்டீல் என்றால் 'உயிருள்ளது', 'மிதந்து போகும்' என்பார்கள். பதினாலு மாதம் ஓட்டிவிட்டேன். எனக்கு எதுவும் மிதக்கவில்லை. ஆனாலும் வண்டி எனக்குப் பிடித்திருக்கிறது, காரணம்தான் வேறு.

குரோமோலி என்பது கொஞ்சம் குரோமியமும் மாலிப்டினமும் சேர்ந்த எஃகு. சாதா எஃகை விட வலு அதிகம், ஆனால் விறைப்பு ஏறக்குறைய ஒன்றேதான். வலு கூடுவதால் குழாயை மெல்லிசாக இழுக்க முடிகிறது, எடை குறைகிறது. நல்ல குழாய்களில் ஜாயின்ட் வரும் இரண்டு முனையில் தடிமனும் நடுவில் மெல்லிசும் இருக்கும். சட்டை முழுக்க கேன்வாஸ் வைக்காமல் காலரிலும் கஃப்பிலும் மட்டும் வைக்கிறோமே, அதே வேலைதான். இந்த வண்டி கேரியர், மட்கார்டு எல்லாம் சேர்த்து பதினாலரைக் கிலோ. இலகு என்று சொல்ல முடியாது. ஆனால் பின்னால் 12 கிலோ மூட்டை ஏற்றி இறக்கத்தில் விட்டால் ஹேண்டில் ஆடுவதில்லை, நேராகப் போகிறது. பின் சக்கரத்தின் அச்சுக்கும் பெடல் கைகள் சுற்றும் நடு அச்சுக்கும் இடையே டேப் வைத்தால் 18 அங்குலம் வருகிறது. ரேஸ் சைக்கிளில் இது 16 சொச்சம்தான். அந்தக் கூடுதல் இடத்தால் குதிகால் பையில் இடிக்காது.

நான் 5 அடி 1½ அங்குலம். என் உயரத்துக்கு உள்ள சின்ன ஃபிரேமில் 700 என்ற பெரிய அளவுச் சக்கரம் போட்டால், மெதுவாகத் திரும்பும்போது செருப்பு நுனி முன் சக்கரத்தில் உரசும். கொண்டை ஊசி வளைவில் இது விளையாட்டில்லை. அதனால்தான் 26 அங்குலச் சக்கரம் உள்ள வண்டியாகத் தேடினேன். குள்ளமானவர்கள் யாராவது இதைப் படித்தால், கலரைப் பார்க்கும் முன் இதைப் பாருங்கள்.

'26 அங்குல டயர் எந்த ஊரிலும் கிடைக்கும்' என்று ஓசூரில் சொல்லி அனுப்பினார்கள். கிடைக்கும்தான். ராயக்கோட்டையில் ஒரு கடையில் கேட்டேன், எடுத்துக் கொடுத்தார், 26 என்று தெளிவாகப் போட்டிருந்தது. ரிம்மில் வைத்தால் பாவாடை மாதிரித் தொளதொளவென்று நிற்கிறது. நம் ஊர் லேடீஸ் சைக்கிளின் 26 × 1 3/8 டயர் உட்காரும் இடத்தில் விட்டம் 590 மில்லிமீட்டர். மலை சைக்கிள் வகை 26-க்கு 559. ஒண்ணேகால் அங்குல வித்தியாசம். டயரின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் 559 இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இப்போது ஓடுவது ஷ்வால்பே மாரத்தான், 1.75 அகலம். உள்ளே 3 மில்லிமீட்டர் ரப்பர் பட்டை இருக்கிறது. சீமைக் கருவேல முள் கொட்டிக் கிடக்கும் ஏரிக்கரையில் தினமும் போகிறேன், இதுவரை ஒரே ஒரு பஞ்சர்.

இந்த வண்டியில் எனக்கு மிகப் பிடித்த உறுப்பு எது என்றால் சிரிப்பீர்கள். டியூப் வால்வு. மெல்லிசான வெளிநாட்டு வால்வு இல்லை, பைக்கில் இருக்கும் அதே தடிமன் வால்வு. பெட்ரோல் பங்க், டிராக்டர் டயர் ஒட்டும் கடை, எங்கே வேண்டுமானாலும் காற்று பிடிக்கலாம். மெல்லிசு வால்வு வைத்திருக்கும் நண்பர் பித்தளை அடாப்டர் ஒன்றைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறார். ஒருநாள் சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். அன்று அவர் பேருந்தில் போனார்.

இனி கியர். வண்டி என்னிடம் வரும்போது முன்னால் மூன்று பல்சக்கரம், 50, 39, 30. பின்னால் பெரியது 28 பல். சமவெளிக்குச் சுகம். காவேரிப்பட்டினம் போய் நிப்பட்டு வாங்கி வர இதைவிட நல்ல வண்டி கிடையாது. அப்புறம் ஒருநாள் மூட்டையோடு வத்தல்மலை ஏறப் போனேன். மூன்றாவது வளைவிலேயே இறங்கிவிட்டேன். மேலே போகும்வரை பாதி வழி தள்ளினேன். காபித் தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்கள் இருவர் என்னைத் தாண்டிப் போனார்கள். ஒருத்தி கேட்டாள்: "ஏங்க்கா, சைக்கிள் நல்லாத்தானே இருக்கு, ஏன் ஓட்ட மாட்டேங்கிறீங்க?"

திரும்பி வந்த மறுநாள் கடை வாசலில் தையல் சாக்பீஸால் கோடு போட்டேன். மிகச் சின்ன கியரில் வைத்து, பெடல் சரியாக ஒரு சுற்று வரும்வரை வண்டியைத் தள்ளி, நின்ற இடத்தில் இன்னொரு கோடு. நடுவே அளந்தால் 86 அங்குலம் சொச்சம். ஒரு மிதிக்கு என்னையும் மூட்டையையும் அவ்வளவு தூரம் மலைமேல் தூக்க வேண்டும் என்றால் முட்டி என்னத்துக்கு ஆகும்? பின்னால் 34 பல் வரை உள்ள செட் போட்டேன். முன்னால் 30-ஐக் கழற்றிவிட்டு 24. ஐந்து போல்ட்தான், ஒரு மணி நேர வேலை. மறுபடி கோடு போட்டு அளந்தேன். 57 அங்குலம். தையல்காரர் டேப்பின் முழு நீளமே 60 அங்குலம்தான். ஒரு மிதி என்பது இப்போது ஒரு டேப்புக்குள் அடங்குகிறது. அடுத்த முறை வத்தல்மலையில் நடையை விடக் கொஞ்சம்தான் வேகம், ஆனால் இறங்கவில்லை.

இதில் ஒரு குறையும் உண்டு. முன்னாலும் சின்னது பின்னாலும் சின்னது என்று போட்டால் செயின் தொங்கிப் போகிறது. பின் கியர் கை இழுத்துப் பிடிக்கும் அளவைத் தாண்டிவிட்டோம். அந்தச் சேர்க்கையைப் போடாமல் இருந்தால் போதும். கியர் மாற்றுவது ஹேண்டில் முனையில் உள்ள குச்சி மாதிரி லீவர். முன்பக்கத்துக்கு 'கிளிக்' கிடையாது, கையால் தடவித் தடவி நிறுத்த வேண்டும். அதனால்தான் 24 போட்டும் சண்டை போடாமல் வேலை செய்கிறது. பிரேக் பழைய காலத்து கேன்டிலீவர், அதாவது இரண்டு பக்கமும் ரப்பர் கட்டை ரிம்மைப் பிடிக்கும் வகை. டிஸ்க் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு, தொப்பூர் இறக்கத்தில் நான் இதிலேயே இறங்கியிருக்கிறேன். கீச்சென்று கத்தினால் கட்டையின் முன் நுனி முதலில் தொடும்படி லேசாகச் சாய்த்து வைத்தால் அடங்கிவிடும்.

சரி, சீட் கம்பம். ஸ்டீல் குழாய்க்குள் அலுமினியக் கம்பம் கிரீஸ் இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்தால், மழையும் வியர்வையும் இறங்கி இரண்டும் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். எனக்கு இரண்டு விரற்கடை இறக்க வேண்டியிருந்தது, அசையவே இல்லை. பாலக்கோட்டில் நான் போகும் சைக்கிள் கடை அண்ணன் மூன்று நாள் துரு ஆயில் ஊற்றி ஊற வைத்தார். பிறகு கம்பத்தை வைஸில் கடிக்க வைத்து, ஃபிரேமையே ஸ்டியரிங் மாதிரிப் பிடித்துத் திருப்பினார். பல்லி கத்துவது போல ஒரு சத்தம் வந்து கழன்றது. "ரெண்டாயிரம் ரூபா வண்டியில வராத நோவெல்லாம் இதுல வருதும்மா" என்றார். செகண்ட் ஹேண்ட் ஸ்டீல் வண்டி பார்க்கப் போகிறவர்கள் காசு கொடுக்கும் முன் சீட்டை ஏற்றி இறக்கிப் பாருங்கள். நான் பார்க்காமல் விட்டது அது ஒன்றுதான்.

அவர்தான் எனக்கு இன்னொன்றும் புரிய வைத்தவர். ஸ்டீல் உடைந்தால் எந்த மூலையிலும் பற்றவைத்துக்கொள்ளலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். ஃபிரேமைச் சுண்டிப் பார்த்துவிட்டு, "இதுல ஆர்க் வெல்டிங் வெச்சா ஓட்டை விழும்" என்றார். நடுப்பகுதி ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத குழாய். கேஸில் பித்தளை வைத்து, அதுவும் கை தெரிந்தவர் செய்தால்தான் உண்டு. ஸ்டீலின் அந்தப் பெருமை முழுக்க உண்மையாவது கேரியரில்தான்.

அதை நான் அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் போகும் காட்டு வழியில் கற்றுக்கொண்டேன். நாட்றாம்பாளையம் தாண்டி ஒரு குலுக்கலில் அலுமினியக் கேரியரின் கால் ஒன்று முறிந்தது. யானை நடமாடும் வழி, வெயில் சாய்வதற்குள் வெளியே போக வேண்டும். பையில் எப்போதும் கிடக்கும் பாவாடை நாடாவையும் அரை அங்குல எலாஸ்டிக்கையும் சுற்றி இறுக்கிக் கட்டி பென்னாகரம் வரை வந்தேன். பென்னாகரத்து வெல்டிங் கடைக்காரர் பார்த்துவிட்டு, அலுமினியம் தன்னிடம் ஆகாது என்று கையை விரித்தார். இப்போது இருப்பது கிருஷ்ணகிரியில் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்த ஸ்டீல் கேரியர். பழையதை விட அரைக் கிலோ கூடுதல், 900 ரூபாய். இன்னொரு விஷயம், கேரியர் போல்ட்டுகள் ஆடி ஆடிக் கழலும். மரையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் விட்டு முறுக்குங்கள்.

பைகள் என் கைவேலை. லாரித் தார்ப்பாய், நைலான் நூல், 21-ம் நம்பர் ஊசி. நாலு மடிப்பு வரும் மூலையில் என் மிஷின் திணறியது, அந்த இரண்டு தையலை மட்டும் சீட் கவர் கடையில் கொடுத்து முடித்தேன். ஆர்ட்லீப் என்ற ஜெர்மன் பையை ஒரு நண்பரிடம் வாங்கி உள்ளே வெளியே திருப்பிப் பார்த்தேன். தையலே கிடையாது, சூட்டில் ஒட்டியிருக்கிறார்கள். ஊசி போன இடமெல்லாம் ஓட்டைதானே, என் பை ஒரு மணி நேர மழைக்கு மேல் தாங்காது. உள்ளே தடிமனான பிளாஸ்டிக் கவர் போட்டு அதற்குள் துணி வைக்கிறேன். இரண்டு பைகளுக்கும் சேர்த்து 650 ரூபாய் ஆனது என்பதால் எனக்கு வருத்தமில்லை.

முன் ஃபோர்க்கிலும் கேரியர் மாட்ட மரை இருக்கிறது. எடை முழுக்கப் பின்னாலேயே இருப்பதால் செங்குத்து ஏற்றத்தில் முன் சக்கரம் லேசாகிவிடுகிறது. பட்டறைக்காரரிடம் அளவு எழுதிக் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. மாங்காய் சீசன், டிராக்டர் டிரெய்லர் வேலை முடிந்துதான் என்கிறார். போன வாரம் கேட்டதற்கு "செவ்வாய்க்கிழமை வாங்கம்மா" என்றார். எந்தச் செவ்வாய் என்று சொல்லவில்லை.