விண்டோஸ் 11 'ரீகனெக்ட் அட் சைன்-இன்': காரைக்குடிக் கடைகளுக்குப் போதுமா?

செக்காலை ரோட்டுக் கடையோ கானாடுகாத்தான் செட்டிநாட்டு வீட்டு ஹோட்டலோ, டாலி கணக்கு மென்பொருளின் டேட்டா ஒரு கணினியிலோ, நெட்வொர்க்கில் ஃபைல்களைச் சேமிக்கும் என்ஏஎஸ் பெட்டியிலோ இருக்கும். மற்ற கணினிகளில் அது இசட் (Z:) என்ற நெட்வொர்க் டிரைவாகத் தெரியும். அதைத் தினமும் தானாக இணைக்க விண்டோஸ் தரும் வசதிதான் 'ரீகனெக்ட் அட் சைன்-இன்' என்ற டிக். ஹார்டு டிஸ்க் கணினிகளில் பெரும்பாலும் தாக்குப்பிடித்தது. வேகமாக ஆன் ஆகும் எஸ்எஸ்டி போட்ட கணினியில் இதை மட்டும் நம்பிக் கணக்கு வேலையை வைக்கக் கூடாது.

அந்த வேகத்தில், டெஸ்க்டாப் வந்த பிறகுதான் லேன் கார்டுக்கு ஐபி முகவரி கிடைக்கிறது. அதற்குள் விண்டோஸ் தேடிப் பார்த்து, 'குட் நாட் ரீகனெக்ட் ஆல் நெட்வொர்க் டிரைவ்ஸ்' என்று வலது மூலையில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும். இசட் மேல் சிவப்புப் பெருக்கல் குறி விழும். எக்ஸ்ப்ளோரரில் இரண்டு தடவை கிளிக் செய்து டிரைவ் திறந்துவிட்டால் கேபிளிலும் பாஸ்வேர்டிலும் குறையில்லை, நேரம்தான் இடிக்கிறது. டாலிக்கு அந்தக் கிளிக் தெரியாது. கம்பெனியைக் காட்டாமல் நின்றுவிடும்.

பவர் ஆப்ஷன்ஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' டிக்கை எடுத்தால் சில கணினிகளில் சரியாகும். ஆனால் அது ஷட்டவுன் செய்து ஆன் பண்ணும்போதுதான் வேலை செய்கிறது, ரீஸ்டார்ட்டில் இல்லை. சர்வீஸ்காரர் ரீஸ்டார்ட் செய்து காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். குரூப் பாலிசியில் உள்ள 'ஆல்வேஸ் வெயிட் ஃபார் த நெட்வொர்க்' டொமைனில், அதாவது பெரிய அலுவலகங்களில் ஒரே சர்வர் நிர்வகிக்கும் நெட்வொர்க்கில், சேர்ந்த கணினிகளுக்கானது. நாலு கணினி உள்ள கடைக்கு அதற்காக விண்டோஸ் ஹோமை விட்டுப் புரோ வாங்குவது வீண் செலவு.

உருப்படியான வழி, டிக்கை எடுத்துவிட்டு குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் வேலையை ஒப்படைப்பது. கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஒரு பேட்ச் ஃபைலில் இரண்டே வரி: முதலில் 'நெட் யூஸ்' கட்டளையால் பழைய இசட்டை டிலீட் செய்வது, அடுத்து சர்வரின் (டேட்டா இருக்கும் கணினி அல்லது என்ஏஎஸ்) ஐபி முகவரியோடு 'பெர்சிஸ்டென்ட் நோ' போட்டு மறுபடி இணைப்பது. முதல் வரியை விட்டால், பழைய இணைப்பு ஒட்டிக்கொண்டிருக்கும் கணினியில் எரர் 85 வரும். டிரிக்கர் 'அட் லாக் ஆன்', தாமதம் 30 விநாடி. இன்னமும் எரர் 53 வந்தால் பெரும்பாலும் நெட்வொர்க் எழவில்லை என்று பொருள், ஒரு நிமிடமாக்குங்கள். 1326 என்றால் பயனர் பெயரையோ பாஸ்வேர்டையோ பாருங்கள், தாமதம் உதவாது. சர்வரின் ஐபி மாறாதபடி ரவுட்டரில் ஒதுக்கி வைப்பதும் அவசியம்.

'ரன் வித் ஹையஸ்ட் பிரிவிலேஜஸ்' டிக் வேண்டாம். போட்டால் டிரைவ் அட்மின் பக்கம் இணைந்து எக்ஸ்ப்ளோரரில் தெரியாது. லேப்டாப்பில் 'கண்டிஷன்ஸ்' பக்கத்தையும் திறந்து பாருங்கள். கரண்ட் இருந்தால் மட்டும் ஓடு என்ற டிக் அங்கே முதலிலேயே போட்டிருக்கும். மின்தடை நேரத்தில் பேட்டரியில் ஆன் செய்தால் இசட் வராது.

பழைய செட்டிநாட்டு வீடுகளின் தடித்த சுவர்களுக்கு வைஃபை லேசில் போகாது. கணக்கு எழுதும் கணினிக்கு லேன் கேபிளே இழுத்துவிடுங்கள். என்ஏஎஸ் பெட்டிக்கு யுபிஎஸ் இல்லையென்றால், கரண்ட் திரும்பியதும் அது எழுவதற்குள் எஸ்எஸ்டி கணினி முந்திக்கொள்ளும். அந்த நாளில் 30 விநாடி போதாது.