மரத்துக்குப் பின்னால் ஒரு கட்டம்

ஈப்போவில் இருக்கும் அத்தை மகன் நேற்றுக் கேட்டான்: "அண்ணா, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 கணினிப் போர் ஆட்டத்தின் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா?" 2019இல் அதன் புதுப்பித்த பதிப்பான டெஃபினிட்டிவ் எடிஷன் வந்ததிலிருந்து விளையாடுகிறேன். ஆட்டம் எப்படி என்று அவனுக்கே தெரியும். அவன் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும்: மேலிருந்து சாய்வாகப் பார்க்கும் அந்தக் கேமராக் கோணம்.

பினாங்குக் கொடிமலை மேல் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வானம் தெளிந்திருந்தால் வடக்கே கெடாவின் ஜெராய் மலை எழுந்து நிற்கும். அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு, நம் கடாரம். 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பல்கள் படையெடுத்து வந்த கரை. 2022இல் இந்த ஆட்டத்தில் நாம் எடுத்து ஆடும் இனங்களில் ஒன்றாகத் திராவிடர்களைச் சேர்த்தார்கள், அவர்களுக்கே உரிய திரிசடை என்ற போர்க்கப்பலோடு. மவுஸ் சக்கரத்தை உருட்டிக் கேமராவை உயர்த்தினேன். கரை, கடல், கப்பல் வரிசை மூன்றும் ஒரே திரையில். கொடிமலையில் நின்று மனத்துக்குள் நான் பலமுறை வரைந்த காட்சி அது. 1999இன் பழைய ஆட்டத்தில் இப்படி உயர்த்தவே முடியாது. இந்த ஒன்றுக்காகவே கொடுத்த வெள்ளி தகும் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் காடு!

மரங்கள் உயரமாக வரையப்பட்டவை. ஆட்டத்தின் நிலம் சிறு சிறு கட்டங்களால் ஆனது; மரங்களின் பின்பக்கக் கட்டங்களை இலைகள் மூடிவிடும். நேற்று இரவு இரண்டு தோப்புகளுக்கு நடுவே மரவேலி போட்டேன். கடைசிக் கட்டை மரத்தைத் தொட்டுவிட்டது என்றே நம்பினேன். எதிரியின் வேவுக் குதிரை வேலியோரமாக வந்தது, இலைகளுக்குள் நுழைந்தது, மறுகணம் என் ஆடுகளுக்கு நடுவே நின்றது. ஒரே ஒரு கட்டம் திறந்து கிடந்திருக்கிறது. அதன் வழியே குதிரைப்படை வந்து என் விறகுவெட்டிகளை வெட்டிச் சாய்த்தது. நாற்பது நிமிட உழைப்பு அதோடு போயிற்று.

முப்பரிமாணத்தில் கட்டிய ஆட்டங்களில் கேமராவைச் சுற்றிவிட்டு மரத்தின் முதுகைப் பார்த்துக்கொள்ளலாம். இதில் வீரனும் வீடும் மரமும் ஒரே கோணத்துக்கென ஆக்கி வைத்த படங்கள். சுற்ற வழியே இல்லை. அந்தக் கோணம்தான் இந்த ஆட்டத்தின் அழகு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மரங்களைக் குட்டையாக்கும் மோட், அதாவது ஆட்டத்தின் தோற்றத்தை மாற்றும் கூடுதல் கோப்பு, இருக்கிறது; பலர் அதைத்தான் போடுகிறார்கள். நானும் ஒரு மாதம் போட்டுப் பார்த்தேன். காடு கீரைப்பாத்தி போல ஆகிவிட்டது. மனம் ஒப்பாமல் நீக்கிவிட்டேன். மரத்துக்குப் பின்னால் திறந்து கிடக்கும் கட்டம் தானாகவே கண்ணில் படும்படி ஆட்டத்தை ஆக்கியிருக்க வேண்டும். இத்தனை ஆண்டுகளாகத் திருத்தித் திருத்தி வெளியிடுகிறவர்களுக்கு அது பெரிய வேலையா?

தம்பி, போன வாரம் கேட்டிருந்தால் உடனே வாங்கு என்றிருப்பேன். இப்போது கேட்டிருக்கிறாய். வாங்காதே.