454 கிராம் போர் ரோபோ: 16 மாதப் பழக்கத்துக்குப் பிறகு

ரிமோட்டில் ஓட்டி, மூடிய பெட்டிக்குள் இன்னொரு ரோபோவோடு மோதவிடும் என் போர் ரோபோவை எதிராளியின் ஆயுதம் உண்மையாக உடைத்தது இதுவரை ஒரே ஒரு முறைதான். மற்ற நேரங்களில் அது களத்தில் அசையாமல் நின்றதற்கெல்லாம் காரணம் உள்ளேயே இருந்தது: தளர்ந்த திருகு, சரியாக உருகாத ஈயம், ஒரு மில்லிமீட்டர் நீளம் கூடிய போல்ட். இது தெரிந்திருந்தால் முதல் ஆறு மாதங்களை ஆயுதத்தில் செலவிடாமல் வயர்களில் செலவிட்டிருப்பேன்.

எடை 454 கிராம், அதாவது ஒரு பவுண்டு. அமெரிக்காவில் ஆன்ட்வெயிட் என்று சொல்லும் பிரிவு இது. பிரிட்டனில் அதே பெயர் 150 கிராம் ரோபோவுக்கு. நம் கல்லூரி விழாக்களில் பேசப்படும் 15 கிலோ, 60 கிலோ ரோபோக்களுக்கு ஒரு குழுவும் பெரிய பணமும் வேண்டும். இதை வீட்டு மேசையில் ஒருவரே கட்டலாம். மோதுவதற்கு நண்பர் ஒருவர் ஆறு மில்லிமீட்டர் பாலிகார்பனேட் தகட்டில் மூடிய பெட்டி செய்து வைத்திருக்கிறார்.

உடலுக்கு முதலில் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் முப்பரிமாண அச்சு எடுத்தேன். இரண்டாவது மோதலிலேயே மூலை பெயர்ந்து விழுந்தது. அதற்குப் பின் சமையலறையில் காய் நறுக்கும் எச்டிபிஇ என்ற பிளாஸ்டிக் பலகையை அறுத்துச் செய்தேன். அடி வாங்கினால் நசுங்கும், ஆனால் தெறிக்காது. அதே பலகை இன்றும் ஓடுகிறது. சக்கரங்களுக்கு என்20 என்ற சிறிய கியர் மோட்டார் இரண்டு, பஞ்சு போன்ற ஃபோம் சக்கரம், மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி. எல்லாம் சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் வாங்கியவை.

முன்னால் செங்குத்தாகச் சுழலும் பிளேடு மட்டும் புதுப்பேட்டையிலிருந்து வந்தது. பழைய வண்டியின் லீஃப் ஸ்பிரிங் பட்டையை 80 மில்லிமீட்டர் நீளத்துக்கு வெட்டி எடுத்தது. சாதாரண இரும்பில் செய்த முதல் பிளேடு வளைந்துவிட்டது. ஸ்பிரிங் எஃகு வளையவில்லை. சாணை பிடிக்கும்போது மட்டும் அடிக்கடி தண்ணீரில் நனைக்க வேண்டும். விளிம்பு நீலநிறமாக மாறினால் அந்த இடம் அளவுக்கு மீறிச் சூடேறிவிட்டது என்று பொருள்.

பிளேடு மோட்டார் 1100 கேவி, அதாவது ஒவ்வொரு வோல்ட்டுக்கும் நிமிடத்துக்கு 1100 சுற்று; பேட்டரி 11.1 வோல்ட். சுமை இல்லாதபோது நிமிடத்துக்குச் சுமார் 12,000 சுற்று, முனையின் வேகம் விநாடிக்கு 50 மீட்டர். 75 கிராம் பிளேடில் ஏறத்தாழ 33 ஜூல் ஆற்றல் சேர்கிறது. ஒரு கிலோ எடைக்கல்லை மூன்று மீட்டருக்கு மேலிருந்து போட்டால் வரும் அடி அது. இவ்வளவு இருந்தும் முதல் சண்டைகளில் பிளேடு எதிராளியின் மேல் உரசிக்கொண்டே நின்றது, தூக்கி எறியவில்லை. கணக்குப் போட்டபோது விளங்கியது. விநாடிக்கு 200 சுற்று, இரண்டு முனை. ஆக 400 முறை முனை கடக்கிறது. ரோபோ விநாடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் போனால், ஒரு முனைக்கும் அடுத்த முனைக்கும் இடையில் அது நகர்வது ஐந்து மில்லிமீட்டர்தான். அதற்கு மேல் பிளேடு கடிக்க முடியாது. சுழற்சியைப் பாதியாகக் குறைத்தேன். ஆற்றல் கால் பங்காகிவிட்டது, ஆனால் கடி பத்து மில்லிமீட்டரானது. அன்று மாலைதான் முதல் முறையாக எதிர் ரோபோ பெட்டியின் கூரையில் போய் இடித்தது. கட்டுகிற எல்லோரும் இந்தக் கணக்கை எஃகு வாங்கும் முன்பே போட வேண்டும் என்பேன்.

என்னை அதிகம் அலைக்கழித்த கோளாறு வேறு. சண்டையின் நடுவில் ரோபோ ஒரு விநாடி செத்துப் பிழைக்கும். மேசையில் வைத்துப் பார்த்தால் எந்தக் குறையும் இருக்காது. பிளேடு மோட்டார் கிளம்பும்போது வோல்ட்டேஜ் இறங்கி, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர் அணைகிறது என்று நம்பினேன். பேட்டரியை மாற்றினேன், ரிசீவரை மாற்றினேன், கெப்பாசிட்டர் சேர்த்தேன். மூன்று வாரம் போயிற்று. கடைசியில் கைபேசியை ஸ்லோமோஷனில் வைத்து, ரிசீவரின் சிறு விளக்கு தெரியும்படி ஒரு மோதலைப் படம் எடுத்தேன். பிளேடு கிளம்பும்போது விளக்கு அசையவே இல்லை. அடி விழுந்த கணத்தில்தான் அணைந்தது. அப்படியானால் வோல்ட்டேஜ் அல்ல, ஏதோ ஓர் இணைப்பு.

பிளேடைக் கழற்றிவிட்டு, ரோபோவை இயக்கத்தில் வைத்து, மரக்கரண்டியின் காம்பால் ஒவ்வொரு இடமாகத் தட்டினேன். பேட்டரி கனெக்டரின் கறுப்பு வயரைத் தொட்டதும் விளக்கு போயிற்று. மேலே ஈயம் பளபளவென்று உருண்டிருந்தது, உள்ளே வயரோடு ஒட்டவே இல்லை. மல்டிமீட்டர் அதை நல்ல இணைப்பு என்றுதான் காட்டியது. தடித்த வயருக்குச் சிறிய முனை கொண்ட சால்டரிங் அயர்ன் போதுமான சூடு தராது. பெரிய முனை வாங்கி எல்லா இணைப்பையும் மறுபடி பற்றவைத்தேன். அந்தக் கோளாறு அதன் பிறகு வரவில்லை.

அடுத்தது, புதிய பிளேடு மோட்டார் ஒன்று பொருத்தியவுடனே புகைந்தது. விற்ற கடையின் மேல்தான் எனக்குச் சந்தேகம். அம்பத்தூரில் எனக்கு லேத் வேலை செய்து தருபவரிடம் காட்டினேன். மோட்டாரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, இந்த போல்ட் உள்ளே எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்தீர்களா?” என்றார். போல்ட்டின் நுனி செம்புச் சுருளைத் துளைத்திருந்தது. “இல்லை அண்ணே” என்றேன். போல்ட் அவ்வளவு உள்ளே போகாதபடி இடையில் வைக்க இரண்டு வாஷர் கொடுத்து அனுப்பினார். பணம் வாங்கவில்லை.

இப்போது ஒவ்வொரு சண்டைக்கும் முன் திருகுகள் எல்லாவற்றையும் ஆலன் கீயால் தொட்டுப் பார்க்கிறேன். உலோகத்தில் இறங்கும் திருகுகளுக்கு திருகு தளராமல் பிடிக்கும் நீல நிறப் பசையான திரெட் லாக்கர் ஒரு சொட்டு. பிளாஸ்டிக்கில் இறங்குபவற்றுக்கு அது வேண்டாம், சில பிளாஸ்டிக்குகளை அது விரிசல் விடச் செய்யும். முதலில் ரிமோட்டை இயக்கிய பிறகுதான் ரோபோவுக்கு மின்சாரம் கொடுப்பேன். பிளேடைப் பூட்டி, சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி வைத்துச் சுழலவிட்டு, ரிமோட்டை அணைத்துப் பார்ப்பேன். சக்கரம் நிற்கவில்லை என்றால் அன்று சண்டை இல்லை. பெட்டிக்குள் வைக்கும்வரை பூட்டு பிளேடிலேயே இருக்கும். இந்த விஷயத்தில் யாருக்கும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. லிப்போவை செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி இரும்புப் பெட்டியில் வைக்கிறேன். உப்பிய இரண்டு பேட்டரிகளை ஒதுக்கியாயிற்று. இரண்டையும் முழு சார்ஜில் பல வாரம் விட்டுவைத்திருந்தேன்.

இன்னும் தீராத குறை என்20 மோட்டார்கள். அவற்றின் பித்தளைப் பற்கள் மூன்று நான்கு சண்டைக்கு மேல் தாங்குவதில்லை. இதுவரை பதினொன்று மாற்றியிருக்கிறேன். ஃபோம் சக்கரம் அதிர்ச்சியை ஓரளவு வாங்கிக்கொள்கிறது, அவ்வளவே. நேற்று இடது பக்கம் மறுபடி கரகரவென்று ஓசை கேட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் தண்டு கொஞ்சம் தடித்த, பெரிய கியர்பெட்டி ஒன்றைப் பொருத்திப் பார்க்கப் போகிறேன். அதற்குப் பதினெட்டு கிராம் வேண்டும். பலகையின் பின்பக்கத்தில் எங்கே துளைபோட்டு எடையைக் குறைக்கலாம் என்று பென்சிலால் வட்டம் வரைந்து வைத்திருக்கிறேன்.