அப்பா அம்மான்ர வீட்டு லோனும் கார்ட் கடனும் கட்டின அனுபவம்: கிளிநொச்சி பாங் ஒண்டைப் பற்றி

பாங்கின்ர பேர் போடேல்ல. கிளிநொச்சியில ஏ9 ரோட்டோட இருக்கிற ஒரு தனியார் பாங், அவ்வளவு காணும். தாய் தேப்பன்ர கடனைப் பிள்ளையள் கட்டி முடிக்க வெளிக்கிட்டா அந்தக் கிளை எப்பிடி நடத்துது எண்டதுதான் எழுதப்போறன், புதுசா லோன் எடுக்கப் போறாக்களுக்கு இதில பெரிசா ஒண்டும் இல்லை. 5க்கு 3 குடுப்பன். அதுவும் லோன் கவுண்டரில இருக்கிற தங்கச்சிக்காகத்தான், கார்ட் பக்கத்துக்குத் தனியாப் போடச் சொன்னா 1 குடுக்கவே யோசிப்பன்.

கடன் வந்த கதை வன்னியில கனபேருக்கு நடந்ததுதான். இந்தியன் வீட்டுத்திட்டத்தில தந்தது 5 லட்சத்து 50 ஆயிரம், அதில சுவரும் கூரையும் எழும்பிச்சுது, பூச்சு, நிலம், குசினி, கிணத்துக்கட்டு எண்டு மிச்சம் எல்லாம் கைக்காசு. இருக்கிற காணி பெர்மிற் காணி, அதாவது உறுதி இல்லாம அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில குடுத்தது, தனியார் பாங் அதை ஈட்டுக்கு எடுக்கமாட்டம் எண்டிட்டுது, அதால அம்மாக்குச் சீதனமா வந்த வவுனியா உறுதிக் காணியைத்தான் ஈடு வைச்சு லோன் எடுத்தவை. அப்பா அப்ப வாத்தியார், சம்பளம் அந்த பாங்குக்குத்தான் போறது, அதைப் பாத்து அவையளே கூப்பிட்டு கிரெடிட் கார்ட்டும் குடுத்தவை. பேந்து 2022 சித்திரையில மத்திய வங்கி ஒரேயடியா 7 புள்ளி வட்டியை ஏத்த, இவையின்ர லோன் மாறுற வட்டி எண்டதால கட்டுக்காசும் ஏறிச்சுது, பென்சன் முழுக்க லோனுக்குப் போக மருந்தும் சாமானும் கார்ட்டில போச்சு. ரெண்டு பேரும் எங்களுக்கு மூச்சு விடேல்ல.

கனடாவில இருந்து தம்பி அனுப்பிறதும் என்ர சம்பளத்தில மிஞ்சிறதும் சேத்துக் கட்டுவம் எண்டு வெளிக்கிட்டா வீட்டிலயே முதல் பிரச்சினை. அம்மா "முதல் என்ர உறுதியை எடுத்துத் தா பிள்ளை, கார்ட்டை ஆறுதலாக் கட்டலாம்" எண்டுறா. உறுதி பாங்கில கிடக்கிறது அவவுக்கு மானப் பிரச்சினை, விளங்குது. ஆனா கணக்கு வேற மாதிரி. கார்ட்டுக்கு 28 வீதம், லோனுக்கு 14 வீதம் எண்டு வைச்சா, ஒரு லட்சத்துக்கு மாசம் கார்ட்டுக்கு 2,333 ரூபா வட்டி, லோனுக்கு 1,167. சரியா அரைவாசி. 3 லட்சம் கார்ட்டில நிண்டா மாசம் 7,000 வட்டிக்கே போகுது, 5 வீத மினிமம் கட்டினா அது 15,000, அதில 8,000தான் எடுத்த கடனில குறையும், அதையும் அடுத்த கிழமையே மருந்துக்கு இழுத்தா எங்க குறையிறது. அதால கார்ட் முதல் எண்டு அடிச்சுச் சொல்லிப்போட்டன், அம்மா ரெண்டு நாள் முகம் தந்து கதைக்கேல்ல.

பாங்கில என்னட்ட மீதி எவ்வளவு எண்டு சொல்லமாட்டினம், அது சரியும்தான், அப்பான்ர கணக்கு. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய், பிள்ளைக்கு விவரம் குடுக்கலாம் எண்டு அவர் ஒரு கடிதம் எழுதிக் குடுத்தாப் பிறகு லோன் கவுண்டர் தங்கச்சி கொம்பியூட்டரை எங்கட பக்கம் திருப்பி முதல் எவ்வளவு வட்டி எவ்வளவு எண்டு தமிழில வடிவா விளங்கப்படுத்தினா. முக்கியமா ஒண்டு சொன்னா: கூடுதலாக் காசு போடேக்க "கடனின்ர முதல்தொகையில கழிக்கவும்" எண்டு எழுதிக் குடுக்கோணும், இல்லாட்டி அது வாற மாசக் கட்டுக்காசா நிக்கும், வட்டி ஒரு சதமும் குறையாது. இதை நோட்டீஸ் அடிச்சு ஒட்டலாம், ஒட்டமாட்டினம்.

கார்ட் பக்கம் பெரிய அலைக்கழிவு. எல்லாம் கொழும்பில, கிளையில கேட்டா போன் எடுங்கோ எண்டுவினம், போனில தமிழ் ஆள் வாறதுக்குள்ள காது சூடாகும். ஸ்டேட்மன்றில நிண்ட காசை முழுக்கக் கட்டினம், அடுத்த மாசம் திரும்ப ஒரு பில். ஸ்டேட்மன்ற் அடிச்ச நாளில இருந்து கட்டின நாள் வரைக்குமான வட்டியாம். அதை முதலே சொல்ல வாய் நோகுமோ? மூடிறதெண்டா இண்டைய திகதிக்கு மூடுற தொகை எவ்வளவு எண்டு கேளுங்கோ, கட்டின பிறகு கார்ட் மூடியாச்சு எண்டு கடிதம் எடுங்கோ, இல்லாட்டி வருசக் கட்டணம் விழுந்துகொண்டே இருக்கும். அதோட மெசினில காசு போட்ட துண்டுகளை உடன போனில படம் எடுத்து வையுங்கோ, அப்பா பிஸ்கட் ரின்னுக்குள்ள பத்திரமா வைச்சிருந்ததில பாதி வெள்ளைக் கடதாசியா வெளிறிப் போச்சு, ஒரு கட்டுக்காசுக்குத் தகராறு வரேக்க அது ஒண்டுக்கும் உதவேல்ல.

இடையில மனேச்சர் ஒரு யோசனை சொன்னார், ரெண்டு கடனையும் என்ர பேரில ஒரே லோனா மாத்துவமாம், அப்பாக்கு வயசு போனதால குடுக்க ஏலாதாம். 16 வீதம், கேக்க நல்லாத்தான் இருந்துது. ஆனா அது ஃபிளாட் வட்டி, கட்டக் கட்டக் கடன் குறைஞ்சாலும் முதல் எடுத்த முழுத் தொகைக்கும் கடைசி வரைக்கும் வட்டி போடுறது. 5 லட்சம் 5 வருசத்துக்கு எண்டா வட்டி மட்டும் 4 லட்சம், மாசம் 15,000, குறைஞ்சு போற மீதியில பாத்தா 26 வீதத்துக்குக் கிட்ட வரும். அதோட கிறிப்பில, அதாவது ஆர் எவ்வளவு கடன் எடுத்தது எண்டு பாங்குகள் பாக்கிற பதிவில, என்ர பேரும் ஏறும், நாளைக்கு நான் ஒரு வீடு கட்ட லோன் கேட்டா இதுதான் முன்னுக்கு நிக்கும். வேண்டாம் எண்டிட்டன், மனேச்சர் கோவிக்கேல்ல, அதுக்கு ஒரு புள்ளி.

கார்ட் முடிஞ்சு லோனை முன்கூட்டி முடிக்கப் போக அதுக்கும் ஒரு கட்டணம் கேட்டவை. அப்பான்ர பேரில பென்சன்காரர் எண்டு சொல்லிக் கடிதம் குடுத்தம், குறைச்சுத் தந்தவை. வாயால கேட்டா "சிஸ்டத்தில அப்பிடித்தான்" எண்ட பதில்தான் வரும், எழுத்தில குடுத்தா மேல போகும். அதுக்கும் சரிவராட்டி மத்திய வங்கிக்கு 1935 அடிக்கலாம், எங்களுக்குத் தேவைப்படேல்ல.

கடைசிக் காசு கட்டினதோட காணி வந்திட்டுது எண்டு நினைச்சிடாதேங்கோ. ஈடு நீக்கின உறுதியை பாங்கின்ர சட்டத்தரணி எழுதி அது வவுனியா காணிப் பதிவகத்தில பதிஞ்சாத்தான் காணியில பாங்கின்ர பேர் போகும், சட்டத்தரணிக் காசும் எங்கட தலையிலதான். இந்த பாங் அதில சரியான மந்தம், நாங்கள் போன் எடுக்காட்டி இன்னும் அந்த ஃபைல் மேசையிலதான் கிடக்கும். போறதெண்டா காலமை திறந்த உடன போங்கோ, பென்சன் நாளில போகாதேங்கோ, லைன் ரோட்டு வரைக்கும் நிக்கும்.