நாக்கு வழிக்கத்தான் வாங்கினேன்: ஒரு செம்பு டங் கிளீனர்

ஆபீஸில் பக்கத்து சீட்டு அண்ணன் தினமும் பதினொரு மணிக்கு ஒரு ஏலக்காயை நீட்டுவார். பாசம் என்றே ஒரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். வாய் நாறுகிறதோ என்று சந்தேகம் தட்டிய அன்று மணிக்கட்டை நக்கி, காயவிட்டு மோந்து பார்த்தேன் (யாரும் இல்லாதபோது நீங்களும் பாருங்கள்). அழுகின முட்டை.

வயிறு சரியில்லை என்று வீட்டில் ஆளாளுக்குச் சொல்ல, சீரகத் தண்ணீர் குடித்ததுதான் மிச்சம். பெரும்பாலும் நாற்றம் வாயிலிருந்தேதான் வருகிறது. மவுத்வாஷும் பார்த்தாயிற்று, ஆல்கஹால் போட்ட ரகம், ஒரு மணி நேரம் புதினா வாசம், அப்புறம் வாய் காய்ந்து பழைய கதை. எச்சில்தான் வாயைக் கழுவிக்கொண்டே இருக்கிறது, தூக்கத்தில் அது குறைவதால்தான் காலையில் எல்லோருக்குமே அடிக்கிறது.

சரி என்று பாத்திரக் கடையில் 90 ரூபாய்க்கு இந்தச் செம்புப் பட்டையை வாங்கினேன். இத்தனை நாள் பிரஷ்ஷின் முதுகால் நாக்கின் முன்பக்கத்தை மட்டும் ஒப்புக்குத் தேய்த்து வந்திருக்கிறேன். சரக்கெல்லாம் பின்னால் இருக்கிறது! காற்றுப் படாத அந்த இடத்தில் பாக்டீரியா உட்கார்ந்து, உணவுத் துணுக்கிலும் செத்த செல்லிலும் உள்ள புரதத்தைச் சிதைத்துக் கந்தக வாயுவை விடுகிறது, முட்டை வாசம் அதுதான். முதல் நாள் உள்ளேயிருந்து முன்னால் இழுத்தபோது பட்டையில் நீர்த்த தோசை மாவு மாதிரி மஞ்சளாக ஒரு வழிப்பு வந்தது, பார்க்கவே சகிக்கவில்லை. இரண்டு நாள் ஓங்கரிப்பு இருந்தது, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே வழித்தால் குறைகிறது. அழுத்த வேண்டாம், ஐந்தாறு தடவை லேசாக இழுத்தால் போதும்.

குறையும் உண்டு. ஓரத்தில் பிசிறு இருந்தது, உப்புத்தாளில் தேய்த்துத்தான் வாயில் வைத்தேன். வாரத்தில் கறுத்துவிடுகிறது, புளி போட்டு விளக்க வேண்டும். கிருமியைக் கொல்லும் என்று அட்டையில் போட்டிருக்கிறார்கள், நாலு நொடி படுகிற செம்பு என்னத்தைக் கொல்லும்? பாதி விலைக்குக் கிடைக்கிற எவர்சில்வர் பட்டையும் இதே வேலையைச் செய்யும்.

இதனால் முக்கால்வாசி போனது. மீதிக்குக் காரணம் ஈறு. பல் தேய்க்கும்போது ரத்தம் வந்ததை நான் கண்டுகொள்ளவே இல்லை. பல் டாக்டர் ஸ்கேலிங் செய்து, அதாவது பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுத்து, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கொப்பளிப்பு கொடுத்தார், பத்து நாளுக்கு மேல் வேண்டாம், பல்லில் பழுப்பு ஏறும் என்றார். இத்தனையும் செய்து போகாவிட்டால் டான்சில் கல், சைனஸ், சர்க்கரை என்று வேறு இடத்தில் தேட வேண்டியிருக்கும், டாக்டரிடமே போங்கள்.

ஐந்துக்கு நாலு. பிசிறுக்காக ஒன்றைக் கழித்தேன்.

அண்ணன் இந்த வாரம் ஏலக்காய் நீட்டவில்லை. தீர்ந்துவிட்டதோ என்னவோ, கேட்கவில்லை.